ஜான்மார்கோ பொட்ஸெக்கோ: ஆட்டக்காரரும் கோச்சும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பொட்ஸெக்கோ யார்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஜான்மார்கோ பொட்ஸெக்கோ இத்தாலியக் கூடைப்பந்து வீரர், பிற்பாடு கோச். 1972 செப்டம்பர் 15 அன்று, ஸ்லோவேனியா எல்லையை ஒட்டிய கொரீட்சியா என்ற ஊரில் பிறந்தார். 1999-ல் வரேஸே அணியோடு இத்தாலிய லீக் பட்டம் வென்றார். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். 2008-ல் ஆடுவதை நிறுத்தி, 2012-ல் கோச் ஆனார். 2022-லிருந்து 2025 வரை தேசிய அணி இவர் கையில் இருந்தது. ரசிகர்களுக்கு இவர் வெறும் "பொட்ஸ்".

இத்தாலியில் ஆட்டக்காரராக இருந்து கோச் ஆனவர்களுக்குப் பஞ்சமில்லை. இவரை மட்டும் தனியாகப் பேச ஒரு காரணம் இருக்கிறது. ஆடிய காலத்தில் பெயர்பெற்ற இரண்டு கோச்சுகள் இவரை வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். இவன் குணத்தை வைத்துக்கொண்டு அணி நடத்த முடியாது என்பதுதான் இருவர் விஷயத்திலும் பேசப்பட்ட காரணம். அப்படி ஒதுக்கப்பட்டவரிடமே பிறகு ஒரு நாட்டின் அணி வந்து சேர்ந்தது.

அவ்வளவு உயரம் இல்லையே, எப்படிச் சமாளித்தார்?

1 மீட்டர் 80 சென்டிமீட்டர். தெருவில் பார்த்தால் நல்ல உயரம்தான். ஆனால் இரண்டு மீட்டரைத் தாண்டியவர்கள் கூடைக்கடியில் நிற்கும் ஆட்டத்தில் அது குள்ளம். பொட்ஸெக்கோ ஆடிய இடம் பாயின்ட் கார்டு, அதாவது பந்தை முன்னால் கொண்டுபோய் யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவு செய்பவர். அந்த இடத்துக்கு உயரத்தைவிட வேகமும் கண்ணும் முக்கியம். இரண்டும் இவரிடம் தாராளமாக இருந்தன. எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து மறுகோடியில் இருக்கும். பார்வை ஒரு பக்கம், பாஸ் இன்னொரு பக்கம். "அணு ஈ" என்று இத்தாலியர்கள் வைத்த பட்டப்பெயர் இதற்காகத்தான்.

தடுப்பாட்டத்தில் இவர் பெரிய கெட்டிக்காரர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த சண்டைகளில் பாதி அதைச் சுற்றியும் இருந்தன.

வரேஸேயில் 1999-ல் அப்படி என்ன நடந்தது?

ஊதினே, லிவோர்னோ ஆகிய ஊர்களில் தொடங்கிவிட்டு 1994-ல் பொட்ஸெக்கோ வரேஸேக்கு வந்தார். மிலானுக்கு வடக்கே, ஏரிகளும் மலையும் சூழ்ந்த நடுத்தர ஊர் அது. கூடைப்பந்தில் மட்டும் பெரிய பெயர். 1970-களில் ஐரோப்பிய சாம்பியன் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு வரேஸே தொடர்ந்து பத்து ஆண்டுகள் போனது, அதில் ஐந்து முறை வென்றது. ஆனால் ஒன்பதாவது லீக் பட்டம் 1978-ல் வந்ததோடு சரி. இத்தாலியில் பத்துப் பட்டம் சேர்ந்தால் சட்டையில் ஒரு நட்சத்திரம் தைத்துக்கொள்ளலாம். அந்த நட்சத்திரத்துக்காக ஊரே இருபது வருஷத்துக்கு மேல் காத்துக்கொண்டிருந்தது.

1998-99 சீசனில் கோச் கார்லோ ரெக்கல்காட்டி. அவரும் பழைய ஆட்டக்காரர், அதுவும் பக்கத்து ஊர்ப் பகையாளியான கன்டூவுக்காக ஆடியவர். அணியில் அந்திரேயா மெனெகின் இருந்தார். 70-களின் வரேஸேயில் கூடைக்கடியில் கோலோச்சிய தீனோ மெனெகினின் மகன். ஜாக்கமோ கலாந்தா, சாந்த்ரோ தே போல், குரோவேஷியாவிலிருந்து வந்த வெல்கோ மிர்ஷிச் ஆகியோரும் இருந்தார்கள். பொட்ஸெக்கோ தலைமுடிக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு ஆடினார்.

இறுதிச் சுற்றில் எதிரே பெனெட்டோன் த்ரெவீசோ. அதன் கோச் செலிக்கோ ஒப்ரதோவிச், ஐரோப்பாவிலேயே அதிகப் பட்டம் வென்ற பயிற்சியாளர். வரேஸே 3-0 என்று முடித்தது. இன்றைக்கும் அதுதான் அந்த ஊரின் கடைசி லீக் பட்டம்.

எனக்கு இதில் பிடித்தது ரெக்கல்காட்டி நடந்துகொண்ட விதம். சாயம் பூசிய தலை, களத்தில் கூத்து, நடுவரோடு வாக்குவாதம் எல்லாவற்றையும் அவர் கண்டுகொள்ளாமல் விட்டார். பந்தைப் பொட்ஸெக்கோ கையில் கொடுத்து "ஓடு" என்று விட்டுவிட்டார். தான் கோச் ஆனபோது பொட்ஸெக்கோ யாரைப் பார்த்து நடந்தார் என்று கேட்டால் நான் ரெக்கல்காட்டி பெயரைத்தான் சொல்வேன்.

அந்த வருஷமே இத்தாலி ஐரோப்பியக் கோப்பை வென்றதே, அதில் இவர் இல்லையா?

இல்லை. லீக் பட்டம் வாங்கிச் சில வாரங்களே ஆகியிருந்த நேரம். தேசிய அணியின் கோச் போக்டான் தான்யெவிச் இவரைப் பட்டியலிலிருந்து நீக்கினார். மெனெகின், கலாந்தா, தே போல் என வரேஸே கூட்டாளிகள் பாரிஸ் போய்த் தங்கத்தோடு திரும்பினார்கள். இவர் வீட்டிலிருந்து பார்த்தார். தான்யெவிச்சுக்குக் கட்டுப்பாடுதான் எல்லாம். அணி தங்கம் வென்றுவிட்டதால் அவர் முடிவைக் குறை சொல்லவும் வழியில்லாமல் போனது.

போலோன்யாவிலும் தகராறு என்கிறார்களே?

2002-ல் ஃபோர்டிடுடோ போலோன்யாவுக்குப் போனார். பணமும் பெயரும் உள்ள அணி. 2004-ல் ஐரோப்பாவின் உச்ச கிளப் போட்டியான யூரோலீக்கின் இறுதி ஆட்டம் வரை போய், டெல் அவீவில் அந்த ஊர் அணியான மக்காபியிடம் 118-74 என்று அடி வாங்கியது. கோச் குரோவேஷியரான யாஸ்மின் ரெபேஷா. அவருக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. 2005-ல் பொட்ஸெக்கோ அணியிலிருந்து விலக வேண்டியதாயிற்று. அதே சீசன் முடிவில் ஃபோர்டிடுடோ மிலானைத் தோற்கடித்து லீக் பட்டம் வாங்கியது. இவர் அப்போது ஸ்பெயினில், சரகோசாவில்.

ஆக, இவரை வெளியே வைத்த இரண்டு முறையும் அந்த அணி ஜெயித்தது. விதி கொஞ்சம் அதிகமாகவே விளையாடிவிட்டது.

ஏதென்ஸ் வெள்ளியில் இவர் பங்கு என்ன?

இந்த இரண்டு தகராறுக்கும் நடுவே வந்த நல்ல காலம் அது. தேசிய அணிக்கு ரெக்கல்காட்டி கோச் ஆகியிருந்தார், பொட்ஸெக்கோவைக் கூப்பிட்டுக்கொண்டார். ஒலிம்பிக்குக்குச் சில நாள் முன்பு, கொலோனில் நடந்த நட்பு ஆட்டத்தில் இத்தாலி அமெரிக்காவை 95-78 என்று தோற்கடித்தது. யாரும் நம்பவில்லை. ஏதென்ஸில் அரையிறுதியில் லித்துவேனியாவை 100-91 என்று வீழ்த்தினார்கள். இறுதி ஆட்டத்தில், நட்சத்திர வீரர் ஜினோபிலி ஆடிய அர்ஜென்டினாவிடம் 84-69 என்று தோற்றார்கள்.

பொட்ஸெக்கோவுக்கு அப்போது 31 வயது. ஜான்லூக்கா பசீலே, மசிமோ பூல்லேரி போன்றவர்கள்தான் அந்த அணியின் முதுகெலும்பு. இவர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து வேகத்தை மாற்றுகிற ஆள். 1980 மாஸ்கோ வெள்ளிக்கு அப்புறம் இத்தாலிய ஆண்கள் அணிக்குக் கிடைத்த இரண்டாவது ஒலிம்பிக் வெள்ளி அது. அந்த மாஸ்கோ அணியில் ஆடிய ரோமெயோ சாக்கெட்டியின் பெயர் கீழே இன்னும் சில முறை வரும்.

அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆடியிருக்கிறாரா?

இல்லை.

எப்போது, எங்கே ஓய்வு பெற்றார்?

ரஷ்யாவின் கிம்கியில் இரண்டு சீசன் ஆடிவிட்டு, 2007-ல் சிசிலியின் வடகரையில் உள்ள காப்போ தோர்லாந்தோவுக்கு வந்தார். சுமார் பதின்மூன்றாயிரம் பேர் வாழும் சின்ன ஊர், முதல் டிவிஷனில் ஓர் அணி. கோச், சாக்கெட்டி. 35 வயதில் பொட்ஸெக்கோ அந்த அணியை ப்ளே-ஆஃப் என்ற பட்டச் சுற்று வரை இழுத்துக்கொண்டு போனார். 2008-ல் அழுதபடியே களத்திலிருந்து விடைபெற்றார். பணச்சிக்கலால் அந்தக் கோடையிலேயே அணிக்கு லீக்கில் இடம் இல்லாமல் போனது.

கோச்சாக ஆரம்பம் எப்படி?

அதே காப்போ தோர்லாந்தோவில்தான். 2012-ன் இறுதியில், அணி இரண்டாம் டிவிஷனில் தடுமாறிக்கொண்டிருந்தபோது அழைத்தார்கள். அடுத்த சீசனில் ஏதென்ஸ் கூட்டாளிகளான பசீலேயும் மத்தேயோ சொராஞ்ஞாவும், வயது நாற்பதை நெருங்கும் நேரத்தில், இவரிடம் ஆட வந்தார்கள். முதல் டிவிஷனுக்கான இறுதிச் சுற்றில் த்ரென்டோவிடம் தோற்றார்கள். ஆனால் சியேனா அணி திவாலாகிவிட, காலியான இடம் காப்போ தோர்லாந்தோவுக்குக் கிடைத்தது.

2014-ல் வரேஸே கூப்பிட்டது. மறுக்க முடியாத அழைப்பு, ஆனால் ஏற்றிருக்கக் கூடாத அழைப்பு என்றே நினைக்கிறேன். 1999-ஐ மறக்காத ஊர் இவரிடம் கோச்சை எதிர்பார்க்கவில்லை, பழைய சிவப்புத் தலைக்காரரை எதிர்பார்த்தது. இவரும் கோச் மாதிரி நடந்துகொள்ளவில்லை. கோபத்தில் தன் சட்டையைத் தானே கிழித்துக்கொண்ட காட்சி அந்தக் காலத்தது. தோல்விகள் சேர்ந்தன. 2015 பிப்ரவரியில் ராஜினாமா.

அதற்குப் பிறகு எடுத்த முடிவுதான் புத்திசாலித்தனமானது. குரோவேஷியத் தலைநகர் சாக்ரெபில் செதெவீதா அணிக்குப் போய் உதவிப் பயிற்சியாளராக உட்கார்ந்தார். தலைமை கோச் யார் தெரியுமா? 1999 வரேஸேயின் மிர்ஷிச். ஒரு காலத்தில் தன் பாஸுக்காக ஓடியவருக்குக் கீழே, பேசாமல் வேலை கற்றுக்கொண்டார். 2018 வசந்தத்தில் ஃபோர்டிடுடோவுக்கு, அது இரண்டாம் டிவிஷனில் இருந்த நேரத்தில், சீசன் முடியும்வரை கோச்சாக இருந்தார்.

சாஸ்ஸரியில் என்ன சாதித்தார்?

கோச் பொட்ஸெக்கோ என்ற பெயரை இத்தாலி முதன்முதலில் மரியாதையோடு சொன்னது இங்கேதான். சாஸ்ஸரி, சார்டீனியா தீவின் வடக்கே உள்ள ஊர். அதன் அணி தீனமோ. 2015-ல் ஒரே சீசனில் லீக், கோப்பை, சூப்பர் கோப்பை மூன்றையும் அந்த அணிக்கு வாங்கிக் கொடுத்தவர் சாக்கெட்டி. அதற்குப் பிறகு மெதுவாகச் சரிந்துகொண்டிருந்தது.

2019 பிப்ரவரியில் வின்சென்ட்சோ எஸ்போசிட்டோ விலக, பொட்ஸெக்கோ வந்தார். ஆட்களை மாற்றப் பெரிதாக அவகாசம் இல்லை. பயிற்சி முறையை மட்டும் மாற்றினார், ஆட்டக்காரர்களோடு பேசுகிற விதத்தையும். வேகமாக ஓடு, தவறு செய்தால் பெஞ்சைத் திரும்பிப் பார்க்காதே, அவ்வளவுதான். மே 1 அன்று, ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்கில் இரண்டாவது ஆட்டத்தையும் வென்று, கிளப் அணிகளுக்கான ஃபிபா ஐரோப்பா கோப்பையைக் கைப்பற்றினார்கள். லீக் ப்ளே-ஆஃபில் பிரிந்திசியை 3-0, அப்புறம் நாட்டிலேயே பெரிய பட்ஜெட் கொண்ட ஒலிம்பியா மிலானையும் 3-0. எல்லாப் போட்டிகளையும் சேர்த்துத் தொடர்ந்து 22 வெற்றிகள்.

அந்த ஓட்டம் இறுதிச் சுற்றில் வெனிசின் ரெயேரிடம் நின்றது. ஏழு ஆட்டம் வரை போய் 4-3 என்று பட்டம் கைநழுவியது. செப்டம்பரில் பாரியில் சூப்பர் கோப்பை இறுதியில் அதே வெனிஸை, கூடுதல் நேரத்தில் 83-80 என்று தோற்கடித்து மனதை ஆற்றிக்கொண்டார்கள். 2021 கோடையில், கிளப் தலைமையோடு கருத்து வேறுபாடு முற்றிப் பிரிந்தார்.

இந்த அணியில் இருந்த உள்ளூர்ப் பையன் மார்கோ ஸ்பிஸ்ஸுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தலைமை கோச்சாக இருந்தவர் ஏன் மறுபடி உதவியாளர் ஆனார்?

2021-22 சீசனில் மிலானில் எத்தோரே மெஸ்ஸினாவுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்தார். மெஸ்ஸினா நான்கு முறை யூரோலீக் வென்றவர், களத்தில் அளவெடுத்தது போல் ஆடச் சொல்பவர். பொட்ஸெக்கோவுக்கு நேர் எதிர். அதனால்தான் போயிருக்க வேண்டும். அந்த சீசனில் மிலான் லீக்கையும் இத்தாலியக் கோப்பையையும் வென்றது.

தேசிய அணி எப்படி இவரிடம் வந்தது?

சர்ச்சையோடு. 2021 கோடையில் பெல்கிரேடில் செர்பியாவை அதன் சொந்த மண்ணில் தோற்கடித்து, 2004-க்குப் பிறகு முதல்முறையாக இத்தாலியை ஒலிம்பிக்குக்குக் கொண்டுபோனவர் சாக்கெட்டி. ஓராண்டுகூட ஆகாமல், 2022 ஜூனில், ஐரோப்பியக் கோப்பைக்கு மூன்றே மாதம் இருக்கும்போது அவரை அனுப்பிவிட்டு பொட்ஸெக்கோவை வைத்தது இத்தாலியக் கூடைப்பந்துச் சம்மேளனம். சாக்கெட்டியை நடத்திய விதம் அசிங்கம் என்று பலர் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

அடுத்த அடி ஆகஸ்டில். அணியின் நட்சத்திரம் டானிலோ கல்லினாரிக்குத் தகுதிச்சுற்று ஆட்டத்தில் முழங்கால் தசைநார் கிழிந்துபோனது. கூடைக்கடியில் நிறுத்த நெடிய சென்டர் ஆளும் கையில் இல்லை.

செர்பியாவோடு ஆடிய அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.

2022 செப்டம்பர் 11, பெர்லின், ஐரோப்பியக் கோப்பையின் பதினாறு அணிச் சுற்று. செர்பியாவில் நிகோலா யோக்கிச், அப்போது தொடர்ந்து இரண்டு முறை என்பிஏவின் மிகச்சிறந்த வீரர். பந்தயம் கட்டியவர்கள் யாரும் இத்தாலி மேல் கட்டியிருக்க மாட்டார்கள்.

பொட்ஸெக்கோவின் கணக்கு எளிமையானது. யோக்கிச் புள்ளி எடுக்கட்டும், அதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் மறுமுனையில் அவரைக் கூடைக்கடியிலிருந்து வெளியே இழுத்து ஓடவிட வேண்டும். அதற்காக நிக்கொலோ மெல்லியை நடுவில் வைத்து, ஐவரும் தூரத்திலிருந்து எறியக்கூடிய அணியை இறக்கினார். யோக்கிச் 32 புள்ளி எடுத்தார். இத்தாலி மூன்று புள்ளி எறிதல்களால் பதில் சொன்னது. முக்கியமான எறிதல்களில் பல ஸ்பிஸ்ஸுவுடையவை, மொத்தம் 22 புள்ளிகள். வெளியே எல்லோரும் கேள்வி கேட்ட பையன் மேல் கோச்சுக்குச் சாஸ்ஸரி நாளிலிருந்தே நம்பிக்கை.

நடுவில் நடுவர்கள் பொட்ஸெக்கோவை வெளியேற்றிவிட்டார்கள். கண்ணீரோடு ஆட்களைக் கட்டிப்பிடித்துவிட்டுப் போனார். உதவிப் பயிற்சியாளர் எதோவார்தோ கசலோனே மீதி ஆட்டத்தை நடத்தினார். இத்தாலி 94-86 என்று ஜெயித்தது. கோச் இல்லாமல் போனதும் அணி குலையவில்லை. யார் என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

காலிறுதியில் பிரான்ஸ். நொடிகள் மிச்சம், இத்தாலி இரண்டு புள்ளி முன்னால், ஃப்ரீ த்ரோ (இலவச எறிதல்) கோட்டில் சிமோனே ஃபோன்டெக்கியோ. இரண்டும் தவறின. பிரான்ஸ் சமன் செய்து கூடுதல் நேரத்தில் 93-85 என்று வென்றது. அந்தத் தொடர் முழுக்க அணியைத் தூக்கி நிறுத்தியவர் ஃபோன்டெக்கியோதான்.

ஏன் இவரை இவ்வளவு அடிக்கடி வெளியேற்றுகிறார்கள்?

விதி இதுதான்: கோச்சின் சொந்த நடத்தைக்காக இரண்டு டெக்னிக்கல் ஃபவுல் (நடத்தைக் குற்றம்) கொடுத்தால் அவர் அரங்கை விட்டுப் போக வேண்டும். முதலாவதுக்குப் பிறகு பெரும்பாலான கோச்சுகள் அடங்கிவிடுவார்கள். இவருக்கு அந்த பிரேக் கிடையாது. 2023 உலகக் கோப்பையிலும் டொமினிக்கன் குடியரசோடு ஆடும்போது வெளியேற்றப்பட்டார், அந்த ஆட்டத்தை இத்தாலி 87-82 என்று தோற்றது.

"ஆட்டக்காரர்களைக் காக்கத்தான் அப்படிச் செய்கிறார்" என்று ரசிகர்கள் சொல்வார்கள். சில நேரம் உண்மை. ஆனால் டொமினிக்கன் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதை முழுதாக ஏற்பது கஷ்டம். கோச்சுக்குக் கிடைக்கும் டெக்னிக்கல் ஒவ்வொன்றும் எதிரணிக்கு இலவச எறிதல், நெருக்கமான ஆட்டத்தில் அது சும்மா போவதில்லை.

2023 உலகக் கோப்பையில் முடிவு என்ன?

எட்டாம் இடம். மணிலாவில் அங்கோலாவையும், சொந்த ரசிகர்கள் முன் ஆடிய பிலிப்பைன்ஸையும் தோற்கடித்து இரண்டாம் சுற்றுக்குப் போனார்கள். அங்கே செர்பியாவை மறுபடியும், இம்முறை 78-76 என்று, வெகுவாகப் பின்தங்கியிருந்த நிலையிலிருந்து மீண்டு வென்றார்கள். யோக்கிச் வரவில்லை என்றாலும் அந்த செர்பியா கடைசியில் வெள்ளி வாங்கிய அணி. 1998-க்குப் பிறகு உலகக் கோப்பையில் இத்தாலிக்கு முதல் காலிறுதி. அதில் அமெரிக்கா 100-63 என்று நசுக்கியது. பிறகு லாட்வியாவிடமும் ஸ்லோவேனியாவிடமும் தோல்வி. கேப்டன் லுயிஜி டத்தோமே அத்தோடு ஓய்வு பெற்றார்.

2024-ல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கான தகுதிச்சுற்று புவேர்ட்டோ ரிக்கோவில். அரையிறுதியில் லித்துவேனியா 88-64. ஏதென்ஸ் வெள்ளிக்காரர் கோச்சாக ஒலிம்பிக் போகவில்லை.

இவருக்கு உத்தி தெரியாது, உணர்ச்சி மட்டும்தான் என்கிறார்களே?

சோம்பேறித்தனமான பேச்சு. பெர்லினில் செய்தது உத்தி இல்லையென்றால் வேறு எது உத்தி? ஆனால் குறை இல்லாமலும் இல்லை. எதிரணி வேகத்தைக் குறைத்து, கூடைக்கடியில் உடல்பலத்தால் ஆடும்போது இவருடைய அணிகளிடம் இரண்டாவது வழி அவ்வளவாக இருந்ததில்லை. லித்துவேனியா ஆட்டம் அதற்கு உதாரணம். உத்தி வகுப்பதில் பெரும்பகுதியை உதவியாளர்களிடம் விட்டுவிடுவார். அவர் எடுத்துக்கொள்ளும் வேலை, பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது ஆளும் தான் தேவைப்படுகிறோம் என்று நினைக்கும்படி வைத்திருப்பது. தான்யெவிச்சும் ரெபேஷாவும் தனக்குச் செய்யாததை இவர் மற்றவர்களுக்குச் செய்கிறார் என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம்தான்.

தேசிய அணியை விட்டது எப்போது? இப்போது கோச் யார்?

2025 ஐரோப்பியக் கோப்பையோடு. சைப்ரஸில் நடந்த குழு ஆட்டங்களில் கிரீஸிடம் தோற்றுத் தொடங்கினாலும் மற்ற நான்கையும் வென்றார்கள். போஸ்னியாவுக்கு எதிராக ஃபோன்டெக்கியோ 39 புள்ளி எடுத்தார். ஸ்பெயினை 67-63 என்று வீழ்த்தினார்கள். ரீகாவில் நாக்-அவுட், எதிரே ஸ்லோவேனியா, பொட்ஸெக்கோ பிறந்த ஊரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய நாடு. லூக்கா டோன்சிச் 42 புள்ளி எடுக்க, இத்தாலி 84-77 என்று வெளியேறியது. அத்தோடு பொட்ஸெக்கோ பதவி விலகினார்.

இதற்கிடையே 2024-25 சீசன் நடுவில் முன்னாள் பிரெஞ்சு நட்சத்திரம் டோனி பார்க்கர் தலைவராக இருந்த பிரெஞ்சு கிளப் அஸ்வெலின் கோச் பொறுப்பையும் ஏற்றிருந்தார். தேசிய அணிக்கு அடுத்து வந்தவர் லூக்கா பாங்கி. 2023 உலகக் கோப்பையில் லாட்வியாவை ஐந்தாம் இடத்துக்குக் கொண்டுபோன, வழியில் பொட்ஸெக்கோவின் இத்தாலியையும் தோற்கடித்த அதே பாங்கி.